பூமி விசிலடிக்கிறது என்கிறார்களே, அந்த ஒலிப்பதிவு அசலா ஒட்டுவேலையா?

கேள்விக்குறி:
வணக்கம். இரண்டு நாளாக எல்லாக் குழுக்களிலும் ஒரு ஒலிப்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘பூமி பாடும் பாட்டு, விண்வெளியில் பதிவானது’ என்று தலைப்பு. ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. முதலில் காய்ந்த சுள்ளி எரிவது போல சடசட சத்தம். நடுநடுவே மேல்சுருதியிலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும் ஒரு விசில், ‘பியூஊஊ’ என்று. கடைசி இருபது விநாடி, விடியற்காலையில் மரத்தடியில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரிப் பறவைக் கூச்சல். பின்னணியில் யாரோ புல்லாங்குழல் வேறு சேர்த்திருக்கிறார்கள்.

விண்வெளியில் காற்றே கிடையாது. அப்புறம் ஒலி எங்கிருந்து வரும்? பொய் என்றால் அந்த விசிலை எப்படிச் செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐயம்திரிபற:
புல்லாங்குழல் இருக்கும்போதே தெரியவில்லையா? ஒட்டுவேலை. இழையை மூடிவிடலாம்.

பழையவால்வு:
மூட வேண்டாம். புல்லாங்குழல்தான் ஒட்டு, மற்ற மூன்றும் அசல். இதை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காற்று விஷயம். அது ஒலி இல்லை, ரேடியோ அலை. மின்காந்த அலைக்குக் காற்று தேவையில்லை. ஆனால் இந்த அலைகளின் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து பத்து கிலோஹெர்ட்ஸ் வரை. நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. பண்பலை வானொலி நூறு மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்க ஒரு பெட்டி வேண்டும். இங்கே பிரித்தெடுக்க எதுவுமே இல்லை. ஒரு கம்பியை நட்டு, அதில் வரும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கி, ஒலிபெருக்கியில் கொடுத்தால் போதும். அலைவரிசை தேடும் திருகுகூடத் தேவையில்லை. அலை விநாடிக்கு 3000 முறை ஆடினால் ஒலிபெருக்கியின் திரையும் 3000 முறை ஆடும்.

சடசடப்பு: உலகத்தில் எங்கெங்கோ வெட்டும் மின்னல். துறையில் ‘ஸ்ஃபெரிக்’ என்பார்கள். பூமி முழுவதும் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 44 மின்னல் என்று செயற்கைக்கோள் கணக்கு. அந்த அலை தரைக்கும் அயனமண்டலத்துக்கும் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு) நடுவே முட்டி மோதிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால்தான் உங்கள் தலைக்கு மேல் வானம் நிர்மலமாக இருந்தாலும் சடசடப்பு ஓயாது.

விசில்: அதுவும் மின்னல்தான். ஆனால் அயனமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய், பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளியில் சில பூமி ஆரம் தூரம் வளைந்து, மறு அரைக்கோளத்தில் இறங்கிய மின்னல். பெயர் ‘விசிலர்’.

பறவைக் கூச்சல்: இதற்கும் மின்னலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காந்தக்கோளத்திலேயே, அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியிலேயே பிறப்பது. பெயர் ‘கோரஸ்’. உங்கள் பதிவில் உள்ளது செயற்கைக்கோளில் எடுத்ததாக இருக்கலாம். 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவிய வான் ஆலன் இரட்டை ஆய்வுக்கலங்கள் எடுத்த கோரஸ் பதிவை நாசா வெளியிட்டது. அதைத்தான் ஆளாளுக்குப் புல்லாங்குழல், தம்பூரா எல்லாம் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயம்திரிபற:
சரி, ஒட்டுவேலை என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று. கருந்துளையின் ஒலி, வால்மீனின் பாட்டு என்று ஏற்கெனவே நிறையப் பார்த்தாயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு தரவை லட்சம் மடங்கு வேகப்படுத்திக் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருப்பார்கள். இங்கே மட்டும் எதுவும் மாற்றவில்லை என்றால், இயற்கை எப்படி நம் காதின் அளவுக்குள் வந்து உட்கார்ந்தது? அந்த ஒற்றுமை எனக்கு இடிக்கிறது.

கணக்குவாத்தி:
நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

காந்தப்புலத்தில் மாட்டிய எலக்ட்ரான் அந்தப் புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றி வரும். எவ்வளவு வேகமாக என்பது புலத்தின் வலிமையைப் பொறுத்தது: ஒரு நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ். பூமியின் நடுக்கோட்டில், தரையில் புலம் சுமார் 31,000 நானோடெஸ்லா. எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண் 870 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், காதுக்கு எட்டாது. ஆனால் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பூமியின் மையத்திலிருந்து 5 பூமி ஆரம் தள்ளிப் போனால் 125இல் ஒரு பங்கு, அதாவது 250 நானோடெஸ்லா. அங்கே சுழல் அதிர்வெண் 7 கிலோஹெர்ட்ஸ்.

கோரஸ் அலைகள் பிறப்பது பெரும்பாலும் இந்தச் சுழல் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. 7 கிலோஹெர்ட்ஸுக்கு அது 700 ஹெர்ட்ஸ் முதல் 3500 ஹெர்ட்ஸ். குருவியும் மனிதனும் கத்துகிற இடம். காதுக்காக இயற்கை எதையும் செய்யவில்லை. பூமிக்கு இந்த அளவு காந்தம், அந்தத் தூரத்தில் எலக்ட்ரான்கள், பெருக்கிப் பார்த்தால் இந்த எண் வருகிறது, அவ்வளவுதான்.

ஐயம்திரிபற:
ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவையாக இந்த மன்றத்தில் யாரோ எனக்கு எண்ணோடு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஓம்அலை:
நீங்கள் எல்லாரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பூமியின் இதயத்துடிப்பு 7.83 ஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்தான் தியானத்தில் மூளைக்கும். அந்தப் பதிவைக் கேட்டதும் எனக்கு மனம் அடங்கியது, அதற்குக் காரணம் இதுதான்.

பழையவால்வு:
ஓம்அலை ஐயா, மனம் அடங்கியது பற்றி மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஷூமன் ஒத்ததிர்வு. அது வேறு சமாச்சாரம். தரைக்கும் அயனமண்டலத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மணி மாதிரி மின்னல்களால் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அதன் அடிப்படை அதிர்வெண் 7.83 சுமார். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே அது அடைபட்டிருக்கும். அதைவிட, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குக் கேட்காது. நீங்கள் கேட்ட பதிவில் 7.83 இருந்திருந்தாலும் உங்கள் ஒலிபெருக்கி அதை எழுப்பியிருக்காது. மனத்தை அடக்கியது புல்லாங்குழல்தான் என்று நினைக்கிறேன்.

ஓம்அலை:
புல்லாங்குழலும் நன்றாகத்தான் இருந்தது.

கேள்விக்குறி:
எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. மின்னல் என்றால் ஒரு வெட்டு, ‘டக்’ என்று முடிந்துவிடும். அது எப்படி இரண்டு விநாடி நீளும் விசிலாக மாறுகிறது? அதுவும் ஏன் எப்போதும் மேலிருந்து கீழே? கீழிருந்து மேலே ஏன் போவதில்லை?

பழையவால்வு:
இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். மற்றதெல்லாம் வேடிக்கை, விசிலரின் சாரமே இதில்தான் இருக்கிறது.

மின்னல் வெட்டும்போது எல்லா அதிர்வெண்களும் ஒரே கணத்தில், ஒரு மில்லிவிநாடி அளவில் கிளம்புகின்றன. வெற்றிடத்தில் எல்லாமே ஒரே வேகத்தில் போகும். ஆனால் வழியில் இருப்பது வெற்றிடம் இல்லை, மெல்லிய பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகத் திரியும் வாயு. காந்தப்புலத்தோடு சேர்ந்த பிளாஸ்மாவில் இந்த வகை அலைகளில் உயர் அதிர்வெண் சீக்கிரம் போகும், தாழ் அதிர்வெண் தவழ்ந்து வரும். ஒரே புள்ளியில் ஓடத் தொடங்கிய கூட்டம், போகப் போக நீளமான வரிசையாகிவிடுகிறது. முதலில் வந்து சேர்வது கீச்சுக் குரல்காரர்கள், கடைசியில் கட்டைக் குரல்காரர்கள். காதுக்கு அது ‘பியூஊஊ’.

இதை முதலில் கேட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. 1894இல் பிரிட்டனில் துருவ ஒளி தோன்றிய ஒரு இரவில், தந்திக் கம்பியில் தொலைபேசியை இணைத்துக் கேட்ட ஊழியர்களுக்கு விநோத ஓசைகள் கேட்டதாக வில்லியம் பிரீஸ் பதிவு செய்திருக்கிறார். கம்பியே ஆன்டெனாவாக வேலை செய்திருக்கிறது. அப்புறம் முதல் உலகப் போர். ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹௌசன், எதிரிப் படையின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காக, தூரத் தூரமாகத் தரையில் இரண்டு முளைகளை அடித்து வால்வுப் பெருக்கியில் இணைத்தார். பேச்சுக்குப் பதிலாக சில நாட்களில் இந்த விசில் வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. ‘குண்டு பறப்பது கேட்கிறது’ என்று போர்முனைச் சிப்பாய்கள் சொன்னதாக அவர் 1919இல் எழுதினார். சத்தம் குண்டு பறக்கிற மாதிரியே இருக்கும் என்பதும் உண்மை.

1935இல் எக்கர்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்கைத் தந்தார்: ஒவ்வொரு அதிர்வெண்ணும் வந்து சேர எடுக்கும் நேரம், அந்த அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். பிளாஸ்மாதான் காரணம் என்பதும் தெரிந்தது. ஆனால் வழி எது என்பது புதிர். ஒரு விநாடி தாமதம் வர வேண்டுமென்றால் அலை வெகுதூரம் போயிருக்க வேண்டும். அயனமண்டலத்துக்குள்ளேயே அவ்வளவு தூரம் ஏது?

1953இல் கேம்பிரிட்ஜில் ஸ்டோரி என்ற ஆராய்ச்சி மாணவர் விடை சொன்னார். அலை காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பூமியை விட்டு வெளியே போய், அடுத்த அரைக்கோளத்தில் இறங்குகிறது. சரி, அப்படியென்றால் அந்த நீளமான வால் என்ன சொல்கிறது? வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருந்தால் இவ்வளவு தாமதம் வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். போட்டார். பூமிக்கு வெளியே பல ஆயிரம் கிலோமீட்டரில் கன சென்டிமீட்டருக்குச் சில நூறு எலக்ட்ரான்கள் இருக்க வேண்டும் என்று வந்தது. அந்த உயரத்தில் அனேகமாக ஒன்றுமே இருக்காது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் அது.

வருடத்தைக் கவனியுங்கள். ஸ்புட்னிக் போனது 1957இல். அதற்கு நாலு வருடம் முன்பே, தரையில் உட்கார்ந்து ஒரு விசிலைக் கேட்டே ஒருவர் விண்வெளியில் எலக்ட்ரான்களை எண்ணியிருக்கிறார். ராக்கெட்டும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

ஐயம்திரிபற:
அவர் சொன்ன வழி சரி என்பதை யாராவது சோதித்தார்களா? நேரம் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

கணக்குவாத்தி:
சோதித்தார்கள். புலக்கோட்டின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. 1950களில் நியூசிலாந்திலும், அங்கிருந்து கிளம்பும் புலக்கோடு இறங்கும் அலாஸ்காவின் அலூசியன் தீவுப் பக்கத்திலும் பதிவு செய்தார்கள். ஒரே விசிலர் இரண்டு இடத்திலும் மாறி மாறிக் கேட்டது. பந்து மாதிரி இந்த முனையில் இறங்கித் தெறித்து அந்த முனைக்குப் போகிறது, மறுபடி வருகிறது.

இதில் ஒரு அழகான அடையாளம் இருக்கிறது. மின்னல் எதிர் அரைக்கோளத்தில் வெட்டியிருந்தால் நீங்கள் கேட்பது ஒரு தடவை கடந்த அலை, அடுத்து மூன்று தடவை கடந்தது, பிறகு ஐந்து. தாமதங்கள் 1, 3, 5 என்ற விகிதத்தில் வரும். மின்னல் உங்கள் பக்கத்திலேயே வெட்டியிருந்தால் போய்த் திரும்பி வந்ததுதான் உங்களுக்குக் கேட்கும்: 2, 4, 6. எதிரொலியின் இடைவெளியைப் பார்த்தே மின்னல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

விடியல்காகம்:
புதிதாகச் சேர்ந்தவள். விசிலரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கோரஸை யாரும் தொடவில்லையே! எனக்கு அதுதான் உயிர். விசிலரை எழுப்ப மின்னல் வெளியிலிருந்து வர வேண்டும், கோரஸ் தானே முளைக்கும்.

சூரியனால் பூமியின் காந்தப்புலம் கலங்கும் காந்தப்புயல் சமயத்தில் இரவுப் பக்கமிருந்து பூமியை நோக்கி எலக்ட்ரான்கள் வந்து கொட்டும். பூமியின் காந்தப்புலத்தில் அவை கிழக்கு நோக்கி நகரும், அதாவது நள்ளிரவிலிருந்து விடியலை நோக்கி. அவை நடுக்கோட்டுத் தளத்தைக் கடக்கும்போது அங்கிருக்கும் அற்ப அலைக்கும் எலக்ட்ரான் சுழற்சிக்கும் தாளம் ஒத்துப்போனால் எலக்ட்ரானின் ஆற்றல் அலைக்குப் போகும், அலை கிடுகிடுவென்று வளரும். பத்தில் சில பங்கு விநாடிக்குள் அதிர்வெண் ஏறும் ஒரு கீச்சு, அது முடிவதற்குள் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் அதிகம் கேட்கும். பறவைகளும் அதே நேரத்தில் கத்துவதால் வெட்டவெளியில் நின்று கேட்கும்போது எது காதுக்குழாயில், எது மரத்தில் என்று குழப்பமே வந்துவிடும். ஒருமுறை பாதி பதிவை அழித்துவிட்டேன், மைக் தவறுதலாகத் திறந்திருக்கிறது, இது குருவி என்று நினைத்து. அப்புறம் பார்த்தால் அந்தப் பெட்டியில் மைக்கே கிடையாது.

கேள்விக்குறி:
😂 சிரிப்பை அடக்க முடியவில்லை. கோரஸால் ஏதாவது விளைவு உண்டா, இல்லை கேட்க மட்டும்தானா?

விடியல்காகம்:
நிறைய. எலக்ட்ரானிடம் வாங்கிய ஆற்றலை அது வேறு எலக்ட்ரானுக்குக் கொடுக்கும். பூமியைச் சுற்றி வேகமான துகள்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வளையங்களில் வெளிப்புறத்தது வெளி வான் ஆலன் பட்டை. அதில் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் எங்கே முடுக்கப்படுகின்றன என்பது நீண்ட கால வழக்கு. வெளியிலிருந்து உள்ளே வரும்போதா, அங்கேயே உள்ளூரிலா என்று. வான் ஆலன் கலங்களின் அளவீடு 2013இல் உள்ளூர் முடுக்கம் என்ற பக்கம் சாய்ந்தது. முடுக்குபவர்களில் முதல் சந்தேகப் பேர்வழி இந்தக் கோரஸ்தான். செயற்கைக்கோள்களின் மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும் எலக்ட்ரான்கள் அவை.

இன்னொரு பக்கம், சில எலக்ட்ரான்களைப் பாதை மாற்றி வளிமண்டலத்தில் கொட்டியும் விடும். துருவ ஒளியில் அணைந்து அணைந்து எரியும் ஒரு வகை உண்டு, துடிக்கும் துருவ ஒளி. கோரஸ் விட்டு விட்டு வலுப்பதற்கும் அது துடிப்பதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதை ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் தரவை வைத்து 2018இல் காட்டினார்கள். மேலே பிறக்கும் கீச்சு, கீழே வானத்தில் கண் சிமிட்டுகிறது!

பழையவால்வு:
இதோடு ‘ஹிஸ்’ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா அடர்த்தியாக இருக்கும் உட்பகுதியில் எந்நேரமும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உள்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் நடுவே எலக்ட்ரான் குறைந்த இடைவெளி ஒன்று இருக்கிறதே, அதைப் பெருக்கித் துடைப்பது இந்த இரைச்சல்தான்.

அந்த உட்பகுதிக்கு ஒரு திடீர் விளிம்பு இருப்பதும் விசிலரில்தான் பிடிபட்டது. ஸ்டான்ஃபோர்டில் கார்பென்டர், அண்டார்க்டிகாவில் பதிவான விசிலர்களை வரிசையாக அளந்துகொண்டே போனார். ஏறக்குறைய நாலு பூமி ஆரத்தில் அடர்த்தி சடாரென்று விழுகிறது. அதை ‘முழங்கால்’ என்றார், 1963இல். சோவியத் நாட்டின் கிரிங்காஸும் நிலவை நோக்கி அனுப்பிய லூனா கலங்களின் தரவிலிருந்து அதே வீழ்ச்சியைக் கண்டிருந்தார். ஒருவர் கலத்தை அனுப்பிப் பார்த்தார், இன்னொருவர் கீழே இருந்து கேட்டார். இரண்டு பேரும் ஒரே சுவரில் போய் முட்டினார்கள்.

ஐயம்திரிபற:
மனிதன் பக்கம் வருவோம். இந்த அலைகளை நாமே அனுப்பித் தூண்ட முடியுமா?

கணக்குவாத்தி:
முடியும், செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஹெலிவெல் குழு அண்டார்க்டிகாவில் சைப்பிள் நிலையத்தில் 1973 முதல் 1988 வரை இதற்கென்றே ஒரு ஒலிபரப்பி வைத்திருந்தது. பனிப்படலத்தின் மேல் 21 கிலோமீட்டர் நீள ஆன்டெனா. அனுப்பிய அலையை புலக்கோட்டின் மறுமுனையான கனடாவின் ரோபர்வாலில் கேட்டார்கள். சில சமயம் காந்தக்கோளம் அதை ஆயிரம் மடங்கு வரை பெருக்கி, கூடவே தன் பங்குக்குச் சில கீச்சுகளையும் சேர்த்து அனுப்பியது. கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் கூடவே நாலு வார்த்தை எதிர்த்துப் பேசும் பிள்ளை மாதிரி.

நீர்மூழ்கிகளுக்காகக் கடற்படைகள் இதே பட்டையில் ஒலிபரப்புகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெகாவாட் நிலையம் இருக்கிறது. அது தினமும் கொஞ்சம் எலக்ட்ரான்களைப் பட்டையிலிருந்து கீழே தட்டிவிடுவதை டெமெட்டர் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் பார்த்தது.

ஓம்அலை:
டெமெட்டர் பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல அனுப்பியது இல்லையா? அப்போ இந்த விசில்களை வைத்து…

கணக்குவாத்தி:
பூகம்பத்தோடு தொடர்பு உண்டா என்று தேடத்தான் 2004இல் அனுப்பினார்கள். முன்னறிவிப்பு என்று சொல்லும்படி எதுவும் நிலைபெறவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே வேண்டாம்.

கேள்விக்குறி:
எனக்கே கேட்க ஆசை வந்துவிட்டது. வீட்டில் செய்யலாமா?

பழையவால்வு:
செய்யலாம், வீட்டில் கேட்க முடியாது. சுற்று எளிமை: ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் செங்குத்துக் கம்பி, உள்ளீட்டு மின்தடை மிக அதிகமாக உள்ள ஒரு ஜே-ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) பெருக்கி, ஒன்பது வோல்ட் பேட்டரி, காதுக்குழாய். தரையிணைப்புக்கு ஒரு முளை, கையில் பிடித்தாலே சில சமயம் போதும். எதிரி மின்கம்பிதான். 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்து ‘ங்ங்ங்’ என்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மின்கம்பியிலிருந்து குறைந்தது சில நூறு மீட்டர், முடிந்தால் சில கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். மரத்தடியும் கூடாது, மின்புலத்தை அது மறைக்கும்.

என் முதல் இரவின் கதை இது. மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். சீரான இடைவெளியில் ஒரு விசில், கீழே இறங்கி இறங்கி மறைகிறது. புதுவகை அலையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அது என் மடிக்கணினியின் மின்வழங்கி. பேட்டரி நிறைய நிறைய அதன் கீச்சு மாறிக்கொண்டே போயிருக்கிறது. அன்றிலிருந்து பதிவுக் கருவி பேட்டரியில் மட்டும்.

இன்னொன்று. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் விசிலருக்காகக் காத்திருக்க வேண்டாம். காந்த அட்சரேகை 10 பாகையில் கிளம்பும் புலக்கோட்டின் உச்சி சுமார் 200 கிலோமீட்டர்தான், அயனமண்டலத்தை விட்டு வெளியே போவதே இல்லை. 24 பாகையில் 1250 கிலோமீட்டர் வரை போகும். குல்மார்க், நைனிடால், வாரணாசி போன்ற இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள், ஆனால் விசில் குட்டையாக இருக்கும். நடு அட்சரேகைகள்தான் விசிலருக்கு ராஜ்யம், அதுவும் இரவில். பகலில் அயனமண்டலத்தின் கீழ் அடுக்கு உறிஞ்சிவிடும்.

நடுக்கோட்டுக்காரர்களுக்கு ஆறுதல் பரிசு ‘ட்வீக்’. இரவில் சடசடப்பின் நடுவே இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியது போல ‘ட்டிங்’ என்று ஒன்று வரும். அந்த ட்டிங்கின் வால் ஏறக்குறைய 1.7 கிலோஹெர்ட்ஸில் போய் நிற்கும். ஒளிவேகத்தை அதன் இருமடங்கால் வகுத்தால் 88 கிலோமீட்டர். அன்றைய இரவு அயனமண்டலக் கூரையின் உயரம் அது. ஒரு கம்பியையும் காதையும் வைத்துக்கொண்டு வானத்தின் கூரையை அளக்கலாம், அதற்கு நடுக்கோட்டில் இருந்தாலும் தடையில்லை.

கேள்விக்குறி:
கம்பி கட்ட நாளாகும். அதுவரை அளந்து பழக யாரிடமாவது சுத்தமான பதிவு இருக்கிறதா, புல்லாங்குழல் இல்லாமல்?

பழையவால்வு:
என் பழைய பதிவு ஒன்றை ஏற்றியிருக்கிறேன். 40 விநாடி. நடு அட்சரேகையில் ஒரு குளிர்கால இரவில் எடுத்தது. ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரத்துக்கு எதிராக அதிர்வெண்ணைக் காட்டும் படத்தில் போடுங்கள். செங்குத்துக் கீற்றெல்லாம் ஸ்ஃபெரிக், அரிவாள் மாதிரி வளைந்து இறங்குவது விசிலர். எந்த ஸ்ஃபெரிக்கிலிருந்து அது பிறந்தது என்று கண்டுபிடித்து, சிதறல் எண்ணைச் சொல்லுங்கள். சிதறல் எண் = தாமதம் × அதிர்வெண்ணின் வர்க்கமூலம். எந்த அதிர்வெண்ணில் அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

கேள்விக்குறி:
செய்தேன். 12.4ஆம் விநாடியில் தடிமனான ஒரு கீற்று இருக்கிறது. விசிலர் 4 கிலோஹெர்ட்ஸை 13.7இல் கடக்கிறது, 1 கிலோஹெர்ட்ஸை 14.7இல். அதாவது தாமதம் 1.3, 2.3. முதலாவதில் சிதறல் எண் 82, இரண்டாவதில் 73. ஒரே விடை வரவில்லை. சூத்திரம் தோராயமானதா, நான் தப்பா?

கணக்குவாத்தி:
சூத்திரம் இந்த அளவுக்கெல்லாம் தவறாது. ஸ்ஃபெரிக்கை மறந்துவிட்டு விசிலரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 4000இன் வர்க்கமூலம் 63.2, 1000இனது 31.6. இரண்டு தாமதங்களுக்கும் வித்தியாசம் சரியாக 1 விநாடி. 1/31.6 கழித்தல் 1/63.2, அது 0.0158. ஒன்றை அதால் வகுத்தால் 63. ஆக 4 கிலோஹெர்ட்ஸின் உண்மையான தாமதம் 1.0 விநாடி. மின்னல் வெட்டியது 12.7இல், 12.4இல் இல்லை.

பழையவால்வு:
எல்லாரும் முதலில் செய்யும் தப்புதான். தடித்த கீற்று கண்ணில் பட்டதும் அதுதான் தாய் என்று பிடித்துக்கொள்வோம். தடித்தது என்றால் பக்கத்தில் வெட்டியது அல்லது பலமாக வெட்டியது என்று மட்டுமே அர்த்தம். 12.7இல் என்ன இருக்கிறது பாருங்கள்.

கேள்விக்குறி:
இருக்கிறது! மெல்லிய ஒரு கோடு, பெரிதாக்கினால்தான் தெரிகிறது. இவ்வளவு இளைத்ததா இவ்வளவு பெரிய விசிலரின் தாய்?

பழையவால்வு:
இளைத்திருப்பது பூமியைச் சுற்றித் தரை வழியாக வந்ததால். மின்னல் எதிர் அரைக்கோளத்தில், அங்கே கோடை. என் ஊகம் அது. ஊகத்தை நம்பாதீர்கள், எதிரொலியைத் தேடுங்கள். கணக்குவாத்தி முன்பே எழுதியிருக்கிறார். 1, 3, 5 என்றால் அடுத்தது 4 கிலோஹெர்ட்ஸை 15.7இல் கடக்க வேண்டும். 2, 4, 6 என்றால் 14.7இல். இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

கேள்விக்குறி:
14.7இல் 4 கிலோஹெர்ட்ஸில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது. 15.7இல்… மங்கலாக ஒரு வளைவு. முதலாவதைவிட நன்றாகச் சாய்ந்து, 1 கிலோஹெர்ட்ஸுக்கு வரும்போது 18.7. தாமதம் 3, 6. சிதறல் எண் 190. 63இன் மூன்று மடங்கு!

17.7இலும் புகை மாதிரி ஏதோ தெரிகிறது. ஐந்தாவது கடப்பாக இருக்குமோ? இல்லை, அங்கே இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதால் தெரிகிறதா?

ஐயம்திரிபற:
கோப்பை இறக்கி, எந்த விநாடி என்று பார்க்காமல் நேர அச்சை மறைத்துவிட்டுத் தேடினேன். இருக்கிறது.